கேபிள் கல்

1998, ஐப்பசியின் கடைசி ஞாயிறு. கோவை–பொள்ளாச்சி தொலைபேசி ஒளியிழைக் கேபிள் காலையிலேயே அறுந்துவிட்டது. கோவையில் இருந்த கருவி ஒளியைச் செலுத்திப் பார்த்து, முறிவு கிணத்துக்கடவைத் தாண்டி இருப்பதாகக் காட்டியது. கேபிள் தடத்தில் தூர எண் எழுதிய கற்கள் நட்டிருக்கும். முறிவுக்கு அருகில், வாய்க்காலோரம் இருந்த கல்லிலிருந்து டேப் பிடித்து அளந்தோம். தொலைபேசித் துறையிலிருந்து வந்த நானும் கேபிள் ஒட்டுபவரும் நிற்க, ஆட்கள் தோண்டத் தொடங்கினார்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்தார்.

"ஏனுங்க, நாலு மணிக்குள்ள லைன் வந்துருமுங்களா? பையன் மஸ்கட்ல இருக்கறானுங்க. ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்புடுவான். அவங்கம்மாள ஆஸ்பத்திரில ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. இன்னைக்குச் சொன்னாத்தான் வந்து மொகத்தப் பாப்பான்."

"நீங்க கோவைக்குப் போய்க் கூப்பிடலாமேங்க?"

"நம்பரு இல்லீங்க. வேலை மாறிட்டான். புது விலாசமே இன்னைக்குத்தான் சொல்றன்னான்."

குழியில் கேபிள் முழுசாக இருந்தது. இருபுறமும் அகலப்படுத்தினோம். அங்கும் முழுசு.

"என்னப்பா, கெணறு வெட்டறீங்களா?" என்று சைக்கிளில் போன ஒருவர் கேட்டார். "தண்ணி வந்தா சொல்லுங்க!"

ஒட்டுபவர் எரிச்சலுடன் கல்லைக் காலால் தட்டினார். கல் ஆடியது. அதன் தலையில் சோப்பு வெள்ளையாகப் படிந்திருந்ததை முன்பே பார்த்திருந்தோம், பொருட்படுத்தவில்லை.

தோட்டத்துக்காரர் மெல்லச் சொன்னார்: "அது அங்க வேலியோரம் இருந்துதுங்க. வேலி கட்டறப்ப நாந்தான் புடுங்கிட்டு வந்து இங்க வெச்சுபோட்டேன். எங்கூட்டுக்காரி துணி தொவைக்கறதுக்கு."

யாரும் அவரைத் திட்டவில்லை. அவரே மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வேலியோரம் ஓடினார். கல் இருந்த இடத்திலிருந்து மறுபடி அளந்து தோண்டியபோது கேபிளை எலி கடித்த இடம் தெரிந்தது. ஆனால் கேபிளுக்குள் இருக்கும் மயிரிழைக் கண்ணாடி நார்களை ஒவ்வொன்றாகச் சீவித் துடைத்து ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் மறுபடியும் முதலிலிருந்து. நாலு மணி ஆனபோது தோட்டத்துக்காரர் பூத்துக்கு நடந்தார்.

இணைப்பு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சோதித்துப் பார்க்க நானும் பூத்துக்குப் போனேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"மறுக்கா போட்டுப் பாப்பானுங்களா?"

"பாப்பானுங்க," என்றேன். எனக்கு என்ன தெரியும்?

போன் அடித்தது. அவர் எழுந்து கையை நீட்டினார். பூத்துக்காரர் எடுத்துக் கேட்டுவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல், போனில் கேட்டவருக்குப் பொள்ளாச்சியில் அன்றைய தேங்காய் விலையைச் சொல்லத் தொடங்கினார்.