பெண் பார்க்க வந்த நாளில் பாஸ்பீன்

2005 கோடையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்போது சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். சனி கிரகத்தைச் சுற்றிவரும் விண்கலம் அனுப்பிய அகச்சிவப்பு நிறமாலைகளை வைத்து, அங்கே பாஸ்பீன் என்ற வாயு எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுவது என் வேலை.

மரக்காணத்தில் எங்கள் வீட்டில் அம்மா எனக்குப் பூ வைத்துக்கொண்டே சொன்னாள்.

"கேட்டா குரு கிரகம்னு சொல்லிடு. சனின்னு வாயைத் தொறந்துடாத."

"நான் குருவைப் பத்தி படிக்கலியேம்மா."

"அவங்க என்ன பரீட்சையா வைக்கப் போறாங்க?"

மாப்பிள்ளைக்குத் திண்டிவனத்தில் அரிசி குடோனில் வேலை. காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்ததும் அவருடைய அம்மா கேட்டார்.

"எதைப் பத்திம்மா ஆராய்ச்சி?"

குரு என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய்ப் பழக்கத்தில், "சனிங்க" என்றுவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். சமையலறை வாசலில் என் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சனியில என்னங்க?" என்றார் மாப்பிள்ளை.

"பாஸ்பீன்னு ஒரு வாயு."

அவர் நிமிர்ந்தார். "மூட்டையில வண்டு சாக நாங்க மாத்திரை வைப்போம். அதுலேருந்து வர்றது அதாங்க! பூண்டு நாத்தம் வந்தா வெளிய ஓடிடணும். அது எப்படி அங்க இருக்குது?"

"ஆழத்துல, சூட்டுல உண்டாகுதுங்க. மேல வந்தா வெயில்ல அழிஞ்சிடும். ஆனா கீழேருந்து வந்துகிட்டே இருக்குது."

"போகாமயே எப்படித் தெரியும்?"

"கிரகத்துலேருந்து வெப்பம் வெளிய வருது இல்லீங்களா? அதுல எந்த அலைநீளம் குறையுதுன்னு பார்ப்போம். ஒவ்வொரு வாயுவும் ஒவ்வொரு இடத்துல குறைக்கும்."

"பொண்ணு பார்க்க வந்த இடத்துல என்னடா விஷத்தைப் பத்திப் பேச்சு?" என்றார் அவருடைய அம்மா. ஆனால் சிரித்துவிட்டார்.

சில நாட்கள் தகவலே இல்லை. என் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மட்டும் பஸ் பிடித்து வந்து, நிறமாலையைப் பார்க்கலாமா என்று கேட்டார். அச்சிட்ட தாளைக் கூடத்தில் விரித்தேன். உப்பளக் காற்று தாளைத் தூக்கியது. ஆளுக்கொரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டோம். பள்ளமாக இறங்கிய கோட்டின்மேல் அவர் விரலை வைத்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க."

விரலை எடுத்தார். "அம்மாவுக்குச் சம்மதம். உங்க படிப்பு முடியட்டும்னு நான்தான் சொல்லியிருக்கேன்" என்றார்.

உள்ளேயிருந்து என் அம்மா, "சாப்ட்டுட்டுப் போகச் சொல்லுடி" என்றாள்.

2006இல் கணக்கு முடிந்தது. பாஸ்பீன் நான் நினைத்ததைவிட அதிகமாகவே இருந்தது. முதல் போனை குடோனுக்குத்தான் போட்டேன்.