லாரி வராத லாரி விளையாட்டு

1. சனிக்கிழமை காலை, லாரி ஓட்டி ஓய்வுபெற்ற என் அப்பா, லாரி ஓட்டும் விளையாட்டு இலவசமாகக் கிடைக்குமா என்று வீட்டு மடிக்கணினியில் தேடினார்.
2. ஏதோ ஒரு காணொளியின் கீழிருந்த இணைப்பிலிருந்து அதை இறக்கினார்.
3. "ஆன்டிவைரஸை அணைத்த பிறகே நிறுவவும்" என்றிருந்தது. அணைத்தார்.
4. திரை ஒரு முறை கருத்து மீண்டது. லாரி வரவில்லை.
5. பத்து நிமிடத்தில், அந்த மடிக்கணினியில் சேமித்து வைத்திருந்த என் மின்னஞ்சலுக்குள் யாரோ நுழைந்ததாக எனக்கு அறிவிப்பு வந்தது.

நான் அஸ்தம்பட்டி அலுவலகத்தில் இருந்தேன். கைப்பேசியிலேயே மின்னஞ்சலை மீட்டுவிட்டு, நாமக்கல் வீட்டுக்கு அழைத்தேன்.

"ஏஞ்சாமி, லாரியவே காணோம்" என்றார் அப்பா.

"அது கேம் இல்லீங்கப்பா, பாஸ்வேர்டு திருடற வைரஸ். மொதல்ல வைஃபைய அணைச்சுருங்க."

"அணைக்கச் சொன்னாங்கன்னு ஒண்ண அணைச்சனே?"

"அது திருடன் சொன்னது. இது நான் சொல்றது!"

பின்னாலிருந்து அம்மா: "முப்பது வருசம் ஓட்டுனது பத்தலைங்களாக்கும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல்: அப்பா வாங்கிய முதல் லாரியின் நம்பர். இணையத்தில் அம்மா இளம்பிள்ளைத் தறிச் சேலை விற்கும் பக்கத்துக்கும் அதுதான். ஆறு வருடம் ஒவ்வொருவராகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் அதில் இருந்தார்கள். பக்கம் கைமாறினால், அம்மா பேரில் யாரையும் ஏமாற்றலாம்.

"அம்மா, உங்க போன்ல பாருங்க. சேலைப் பக்கத்துல யாராச்சும் நுழைஞ்சாங்களா?"

"மூணு தடவ பாத்திருக்கானாட்ட இருக்குது. மூணுமே தப்புன்னு வந்திருக்குது."

"எப்படித் தப்பாகும்? வண்டி நம்பர்தானே?"

"அத நான் போன்லயே மாத்தி ரெண்டு வருசமாச்சு."

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "ஏன் மாத்துன?"

"எப்பப் பாரு நடுவழியில நிக்கற வண்டி. அத நம்பி யாவாரத்த உட முடியுமுங்களா?"

"ஒரே தடவதான் நின்னுது."

"சங்ககிரிகிட்ட மட்டும் நாலு தடவ."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்தே பார்த்தார். போனில் அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய் மடிக்கணினியை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவினேன். மற்ற ஆறு கணக்குகளுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வைத்தேன். விளையாட்டை முறையாக விலைக்கு வாங்கிக் கொடுத்தேன். அப்பா தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுகிறார். அம்மா பக்கத்தில் சேலை மடித்தபடி பிரேக் போடச் சொல்கிறார். விற்பனை நன்றாக நடக்கிறது. அந்தச் சேலைப் பக்கத்தின் கடவுச்சொல் இன்றுவரை எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.