ஊமைச்சி மிளகாய்

எங்கள் வீட்டுப் பின்புறம் துவைக்கும் கல்லோரமாக ஒரு மிளகாய்ச் செடி உண்டு. யாரும் நட்டதில்லை. காய் சுண்டுவிரல் நகத்தளவுதான், வானத்தைப் பார்த்து நிற்கும். தெருவில் எல்லோரும் இதிலிருந்து விதை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதற்கு ஊமைச்சி மிளகாய் என்று பெயர்.

போன மாதம் நாட்டு விதை சேகரிக்கிற ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். பெயர்க் காரணம் கேட்டாள். பக்கத்து வீட்டு மருமகள் முந்திக்கொண்டாள். "இதுல வாசனையே வராதுங்க. கம்முனு கெடக்கும், கடிச்சாத்தான் தெரியும். அதான் ஊமைச்சி."

வந்தவள் எழுதத் தொடங்கினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். புது ஆளிடம் எனக்குப் பேச்சு வராது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி சொன்னது பொய். எழுதிவிட்டால் அதுவே நிலைத்துவிடும்.

அந்தப் பெயர் வந்தபோது நான் கல்யாணமாகி வந்த புதிது. அந்த மிளகாயை நசுக்கித் துவையல் அரைத்துவிட்டு, கையை ஒரு தரம் கழுவிக்கொண்டு தறியில் பாவு பிணைக்க உட்கார்ந்தேன். பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். பாதியில் எழுந்தால் இழை கலைந்துவிடும். முறுக்க முறுக்க விரல் எரிந்தது. வியர்வையைத் துடைத்தேன், கண்ணும் எரிந்து நீர் வடிந்தது. வாயைத் திறக்கவில்லை.

"அம்மா வூட்டு நெனப்பா?" என்றார் மாமியார். இல்லையென்று தலையாட்டினேன். சாயங்காலம் கடைசி இழை முடிந்தபிறகுதான் என் விரல்களைப் பார்த்தார். வெந்ததுபோல் சிவந்திருந்தன.

"மொளகா நசுக்கின கையோடவா பிணைச்சே? சொன்னா இழைய நான் புடிச்சிருக்க மாட்டேனா? ஊமைச்சியாட்டம் குந்திக்கினு இருந்திருக்கறே." விரல்களுக்கு அவரே மோர் ஊற்றினார். மறுநாளிலிருந்து செடிக்கு அந்தப் பெயர். அன்று பிணைத்ததில் ஓர் இழைகூட அறுந்துபோகவில்லை. அதை யாரும் சொல்வதில்லை.

கதவை விட்டு வெளியே வந்தேன். "எழுதினத அடிச்சிடும்மா. ஊமைச்சி நான்தான்."

நடந்ததை முழுக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு மருமகள், "ஆயா, உனுக்கு இவ்ளோ பேச வருமா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேரை வேற மாதிரி போட்டுக்கலாமா ஆயா? உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்," என்றாள் வந்தவள்.

"வேணாம். அதே பேர் இருக்கட்டும். இழை அறுந்துபோகலன்னும் எழுது."

எழுதினாள். பழுத்த காய்கள் நாலைந்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். விதை எடுத்த கையை மூன்று தரம் கழுவாமல் கண்ணைத் தொடாதே என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.