துளசிங்கத்தின் சூனியக்காரி

தான் எழுதியதைப் படித்துக் காட்டும்போது துளசிங்கத்தின் ஒரு கண்தான் தாளில் இருக்கும். இன்னொரு கண் பக்கத்தில் நெய்யும் பச்சையப்பனின் தறியை வேவு பார்க்கும். திருத்தணி மலையடிவாரத்து ஓட்டுக் கொட்டகையில் நான்கு தறிகள். மூன்றில் கைலி ஓடிக்கொண்டிருக்கும். நான்காவது துளசிங்கத்தினுடையது; அது சும்மா கிடக்கும். மதியச் சோற்றுக்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் நெசவாளி இல்லை, நாவலாசிரியர்.

கட்டம் போட்ட கைலி நெய்கிறவர்கள் நிறத்துக்கு நிறம், குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை மாற்றியாக வேண்டும். மனம் கதைக்குள் போய்விட்டால் மாற்ற மறந்துவிடும். சதுரமாக வர வேண்டிய கட்டம் நீண்டுகொண்டே போகும். அப்புறம் உட்கார்ந்து இழை இழையாகப் பிரிக்க வேண்டியதுதான். கட்டம் கெட்டுவிட்டதென்றால் அத்தியாயம் தேறிவிட்டதென்று துளசிங்கம் கணக்கு வைத்திருக்கிறார். அவர்கள் திட்டத் திட்ட இவர் முகம் மலரும்.

‘நள்ளிக்காட்டுச் சூனியக்காரிகள்’ அவருடைய முதல் நாவல். சூனியக்காரி நீலாயி, தன் ஜென்ம விரோதியான மந்திரவாதி கபாலனின் தாடி மயிரையெல்லாம் பாம்பாக்கிய அன்று மூன்று தறியிலும் கட்டம் நாசம். பதிலுக்குக் கபாலன் அவள் குடிசையைக் கொளுத்தியபோது, கோடித் தறி ஆறுமுகம் நாடாவைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றுவிட்டார். இதைவிட என்ன பரிசு வேண்டும் ஓர் எழுத்தாளனுக்கு?

வினை சென்னையில் காத்திருந்தது. ரயிலேறிப் போய்ப் பார்த்த பதிப்பாளர், “சண்டையெல்லாம் ஜோர். காதல் எங்கய்யா? அந்த ரெண்டு பேரையும் சேர்த்து வையுங்க. ஆடிக் கிருத்திகைக்குள்ள கொண்டு வந்தா அச்சுக்குப் போகும், இல்லேன்னா கஷ்டம்” என்று சொல்லிவிட்டார். அட்டையில் தன் பெயரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது துளசிங்கத்துக்குத் தூக்கத்தைத் தின்கிற ஆசை.

ஒரே மூச்சில் காதலை எழுதி முடித்தார். பௌர்ணமி, குளக்கரை. கபாலன் தாமரைப் பூவை நீட்டுகிறான். நீலாயி நாணித் தலைகுனிகிறாள். குரல் நடுங்க, உருகி உருகிப் படித்தார். தறிகள் தாளம் தப்பாமல் ஓடின. எந்தக் கைலியின் கட்டத்திலும் ஓர் இழைகூடப் பிசகவில்லை.

“தாடியில பாம்பு உட்டவ கிட்ட போயி எப்படிண்ணே பூ நீட்டுவான்? அந்தப் பாம்புங்கோ இன்னா, தூங்கிகினு கீதா?” என்றார் பச்சையப்பன்.

மூன்றாவது தறியில் கோமளவல்லி. துளசிங்கத்தின் மாமன் மகள், மனைவி. “நேத்து ஊட்டக் கொளுத்துனவன் இன்னிக்குப் பூ குட்த்தா சரியாப்பூடுமா பாவா? நானா இருந்தா அந்தப் பூவாலயே சாத்துவேன்.”

சாத்துவாள் என்பதில் துளசிங்கத்துக்குச் சந்தேகமே இல்லை. சின்ன வயதில், அவள் வீட்டுத் தறிக்கு நீட்டியிருந்த பாவு நூலை அறுத்துவிட்டு ஓடிய இவரைத் துரத்திப் பிடித்து, ஒரு சட்டிக் கஞ்சியைத் தலையில் கவிழ்த்தவள் அவள். பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணத்தில் மணவறையிலேயே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் இருவரும். அந்த நினைப்பில் கேட்டார்.

“உனக்கு என் மேல இருந்த கோவம் எப்ப போச்சி?”

“போச்சின்னு யாரு சொன்னா?” நாடா நிற்கவேயில்லை.

பதில் விளங்காமல் திரிந்தார். ஊருக்குள் காவடிகள் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டன. கெடு நெருங்கிவிட்டது.

மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் துளசிங்கத்துக்கு இழை தெரியாது. தினமும் காலையில் தறிக்கு வரும்போது அது துடைத்துத் தயாராக இருக்கும். துடைப்பவள் கோமளவல்லி. துடைக்கும்போது திட்டாத நாள் கிடையாது. “இதத் தொடச்சி வெச்சிக்கத் துப்பில்ல, கதை எழுதிகினு கீறாரு தொரை!” அன்றைக்கும் அதே வசவுதான். ஆனால் அன்று துளசிங்கம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். தறிக்குழியில் இறங்கவில்லை. பேனாவைத் தேடிப் போனார்.

மறுநாள் படித்ததில் குளக்கரையும் இல்லை, பூவும் இல்லை. “‘உன்னைத் தவளையாக்காமல் விடமாட்டேனடா பாவி!’ என்று சபித்துக்கொண்டே நீலாயி, ஓமப்புகை படிந்த கபாலனின் மூக்குக்கண்ணாடியை முந்தானையால் துடைத்து, அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.”

ஆறுமுகம் குலுங்கிச் சிரித்தார். “மை போட்டு மூணு லோகத்தையும் பாக்கறவனுக்கு மூக்குக்கண்ணாடி எதுக்குண்ணே?” என்று கூவினார் பச்சையப்பன். இருவர் தறியிலும் கட்டங்கள் சதுரம் சதுரமாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒழிந்தது என்று துளசிங்கம் தாளை மடித்தார்.

அப்புறம்தான் மூன்றாவது தறியின் சத்தம் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. கோமளவல்லி தலை நிமிரவில்லை. அவள் முன்னால் பச்சைக் கட்டம் நாலு விரல் நீளத்துக்கு வளர்ந்து கிடந்தது.

“இன்னா பாக்கற?” என்று பல்லைக் கடித்துக்கொண்டே, அதை இழை இழையாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.