கேபிளோட அந்த முனை

சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. இது நெஜமா நடந்தது. என் தங்கச்சி புருஷனுக்கு. என்கூடப் படிச்சவன், அதனால இன்னும் அவன் இவன்னுதான் பேசுவேன். பொய் சொல்ற ஆளில்ல. சொல்லத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் நல்ல வேலையில இருந்திருப்பான். இதுல கொடுமை என்னன்னா, நடந்தது பட்டப்பகல்ல!

மாசக்கணக்கா சும்மா கிடந்துட்டு, ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில அப்பத்தான் சேர்ந்திருந்தான். தங்கச்சி வேற மாசமா இருந்தா. இந்த வேலையும் போச்சுன்னா நடுத்தெருதான். முதலாளி சிடுமூஞ்சி. யாரை எங்க அனுப்பினாலும் ஒரே பேச்சு: "பிரிண்டர்ல டெஸ்ட் பேஜ் வராம வெளியே வராதே. வந்தா அப்படியே வீட்டுக்குப் போயிடு."

அன்னைக்கு அனுப்பினது ஒரு லாரி ஆபீசுக்கு. பிரிண்டரை மாட்டினா கம்ப்யூட்டருக்குத் தெரியவே மாட்டேங்குதாம். கணக்கு பார்க்கிற அம்மா உள்ரூம் கதவைத் திறந்து விட்டாங்க. ஆனா வாசப்படி தாண்டல. "சட்டுனு முடிங்க" ன்னாங்க.

மேஜை மேல பிரிண்டர். அடியில கம்ப்யூட்டர் பெட்டி. ரெண்டுக்கும் நடுவுல யு.எஸ்.பி. கேபிள். பிரிண்டர்ல பச்சை விளக்கு எரியுது. ஸ்கிரீன்ல மட்டும் 'தெரியாத சாதனம்'னு காட்டுது. பிரிண்டரோட டிரைவர் சாஃப்ட்வேரை அழிச்சுட்டு மறுபடி போட்டான். ரீஸ்டார்ட் பண்ணான். ம்ஹூம். சரி, கழட்டி மாட்டுவோம்னு பிரிண்டர் பின்னாடி கையை விட்டு கேபிளை உருவினான்.

டி...டிங்.

கம்ப்யூட்டர்ல எதையாவது மாட்டினா வர்ற சத்தம் அது. உருவினா வரக்கூடாது.

"என்ன எழவுடா இது!"

உருவின முனையைப் பிடிச்சுக்கிட்டே மேஜைக்கு அடியில நுழைஞ்சான். பெட்டிக்குப் பின்னாடி தடவினான். அங்க கேபிளே இல்ல. அந்த முனை சும்மா தரையில கிடக்குது.

ஒரு முனை கையில. ஒரு முனை தரையில. மேல ஸ்கிரீன்லேர்ந்து மறுபடியும்... டி...டிங்.

தரையில கிடந்த முனை நகர்ந்தது. மெதுவா... பெட்டிக்குப் பின்னால போச்சு.

கேபிள் விறைச்சுது. யாரோ இழுக்கிறாங்க.

விட்டுடலாம்னு பார்த்தான். விரல் திறக்கல.

"யா... யாருங்க?"

காதுக்குப் பக்கத்துல ஒரு ஆம்பளைக் குரல். அவ்வளவு கோபம்.

"முடிக்காம எங்கடா போற?"

இழுத்துச்சு. தலை மேஜைக்கால்ல இடிச்சுது. பெட்டிக்குப் பின்னாடி வெறும் சுவர்தான். ஆனா கை உள்ள போகுது... முழங்கை வரைக்கும்... தோள்...

"அம்மா!"

டப்.

கரண்ட் போச்சு. விரல் திறந்துச்சு.

தவழ்ந்தே வெளியே வந்து விழுந்தான். கணக்கு அம்மாதான் மெயின் சுவிட்சை அணைச்சிருக்காங்க. அவன் மேஜைக்கு அடியில நுழையும்போதே அவங்க கை சுவிட்ச் மேலதான் இருந்துச்சாம். ஒரு வாய் தண்ணிகூடக் கொடுக்கல. "போயிடுங்க" ன்னாங்க.

அவன் வந்து சொன்னதைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதிச்சுது. அவனை இழுத்துக்கிட்டு நேரா அந்த முதலாளிகிட்ட போனேன். முழுசும் கேட்டார். முகத்துல ஆச்சரியமே இல்ல.

"இவனுக்கு முன்னாடி ஒருத்தன் அங்க போனான். எர்த் இல்லாத லைன். கை சுண்டுது, வந்துடட்டுமான்னு போன் பண்ணான். வேலையை முடிடான்னு அதட்டினேன்." கையில இருந்த போனை மேஜை மேல கவிழ்த்து வச்சார். "அதோட சரி. ஷாக் அடிச்சு அங்கயே செத்துட்டான்."

"தெரிஞ்சேதான் இவனை அனுப்பினீங்களா? மனுஷனாய்யா நீ?"

"அந்த ஆபீஸ்லேர்ந்து யாரும் கம்ப்ளைன்டே கொடுக்கிறதில்ல தம்பி. அவன் நம்பர்லேர்ந்துதான் போன் வருது. ஆளை அனுப்புங்க, இல்லைன்னா நீங்க வாங்கங்கிறான்."

மேஜை மேல இருந்த போன் அடிச்சுது.

முதலாளி போனைப் பார்க்கல. என் மாப்ளையைப் பார்த்தார்.