பிளக்குக்கு வைத்த பொட்டு

எனக்கு ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வராது. தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மெக்கானிக்காக இருந்தேன். அங்கே கல்லும் உரமும் ஏற்றும் டிப்பர் லொறியின் வயரிங் முழுக்க என் கைவேலை. தொட்டியைத் தூக்கும் பம்புக்கு எஞ்சின் விசையைத் திருப்ப அதில் ஒரு லீவர் உண்டு. லீவர் போட்டிருந்தால் ட்ரைவருக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரியும். அதை விடுவிக்காமல் ஓட்டினால், குலுங்கும்போது தொட்டி தானாக எழும்பிவிடலாம். அந்த விளக்கைப் பொருத்தியவன் நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

ஆயுத பூசையன்று காலையில் தொட்டியைத் தூக்கி அடியெல்லாம் கழுவி இறக்கினேன். பிறகு பொட்டு வைக்கும் வேலை. உழைக்கிற பொருள் எதுவும் அன்று பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. தேயிலைக் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, ஸ்பானர், என் டோர்ச்சின் பெட்டரி, எதையும் விடவில்லை. விளக்கு வயரின் பிளக்கையும் கழற்றி, பித்தளை முனைகளில் சந்தனம் அப்பித் திரும்பச் செருகினேன். பொட்டைப் பிளக்கின் வெளியே வைத்திருந்தால் சாமி கோபித்துக்கொண்டிருக்குமா என்ன?

தொழிலாளர் லயத்துப் பெண்கள் பதுளைக் கோயிலுக்குப் போக லொறியில் ஏறினார்கள். என் மனைவியும் ஏறினாள்.

"நீங்க வரலையா?"

"வேல இருக்கு, போ."

வேலை ஒன்றுமில்லை. கூட்டத்தில் நிற்கப் பொறுமையில்லை, அவ்வளவுதான்.

லொறி போனதும் மேசைக்கடியில் எதையோ தேட டோர்ச்சை அமுக்கினேன். எரியவில்லை. தட்டினேன், உலுக்கினேன். திறந்தால் பெட்டரி முனையில் காய்ந்த சந்தனம். நகத்தால் சுரண்டியதும் பளிச்சென்று எரிந்தது. சிரித்தேன். மறுகணம் லொறியை நினைத்தேன். பிளக்கிலும் அதே சந்தனம்; லீவர் போட்டிருந்தாலும் விளக்கு எரியாது. கழுவிய பிறகு லீவரை விடுவித்தேனா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

லொறி போகும் பாதையைப் பிடிக்கக் குறுக்கே தேயிலைக்குள் விழுந்து ஓடினேன். செடிகளின் வாதுகள் காலைக் கிழித்தன. ஒவ்வொரு வளைவிலும் கீழே எட்டிப் பார்த்தேன், பார்க்கவும் பயந்தேன். கடைசி வளைவில், மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீர் பிடிக்க லொறி நின்றிருந்தது. தொட்டி நிறையப் பெண்கள்.

ட்ரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். லீவர் போட்டபடியே இருந்தது.

"வெளக்கு எரியலைங்களே! அதான் எடுத்தேன்" என்றார் ட்ரைவர்.

"தப்பு என்னுது. எல்லாரும் எறங்குங்க."

பிளக்கைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துச் செருகினேன். விளக்கு எரிந்தது. லீவரை விடுவித்தேன், அணைந்தது. ஏன் இறங்கச் சொன்னேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். என் மனைவி மட்டும் தரையில் நின்றாள்.

"இப்ப சரியாயிருச்சு. ஏறு."

"மொதல்ல நீங்க ஏறுங்க" என்றாள்.

ஏறினேன். அதன் பிறகுதான் அவள் கை நீட்டினாள். பதுளை போய்ச் சேரும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.