பேத்தியின் டேப்லெட்டில் என் கை

சிவப்பு எரிந்தால் என் கை தானாகவே நீளும். அனல்மின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் முப்பது வருடம் உட்கார்ந்தவனுக்கு அது ஒரு வியாதி. ஓய்வுபெற்று மகனின் குவார்ட்டர்ஸுக்கு வந்தபின் அந்தக் கைக்கு வேலையில்லாமல் இருந்தது. பேத்தியின் பள்ளியில் டேப்லெட் கொடுத்தார்கள்; வேலை கிடைத்துவிட்டது.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பேச்சில் அவளை யாரும் வெல்ல முடியாது. நிலக்கரிச் சுரங்கத்தில் ராட்சதச் சக்கரம் மண்ணை வெட்டி பெல்ட்டில் கொட்டுவதை, அங்கே வேலை பார்க்கும் அவள் அப்பாவைவிட நன்றாகச் சொல்வாள். எழுத்துகள்தான் அவள் கண்முன் நிற்காது. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் என் காபி ஆறிவிடும். டேப்லெட் அதுவரை காத்திருக்குமா? கேள்விக்கு மேலே ஒரு பச்சைக் கோடு குறுகிக்கொண்டே வந்து சிவக்கும். உடனே ஒரு கார்ட்டூன் ஆந்தை தலையாட்டி, ‘மீண்டும் முயல்க’ என்னும். ஒரு சாயங்காலத்துக்கு இருபது முறை. அதன் கழுத்தைத் திருகவேண்டும் போலிருக்கும் எனக்கு.

“படிச்சுக்கிட்டுதான் தாத்தா இருந்தேன். அதுக்குள்ள ஓடிடுச்சு.”

“கண்ணை எங்க வச்சிருக்க நீ?” என்று அவளிடம்தான் கத்துவேன். ஆந்தையிடம் கத்த முடியாதே.

ஒருநாள் கோடு சிவந்தபோது பொறுக்கமாட்டாமல் நானே விடையைத் தொட்டேன். ஆந்தை இறக்கையைத் தட்டியது. பேத்தி சிரித்தாள். அதன்பின் தினமும் நான்தான் தொட்டேன். சரியாகச் செய்யச் செய்ய இன்னும் நீளமான கேள்விகள் வந்தன. அவற்றையும் தொட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மருமகள் எங்கள் இருவரையும் பள்ளிக்கு அழைத்துப் போனாள். எழுத்து பிடிபடாத பிள்ளைகளுக்கென்று தனி ஆசிரியை ஒருவர் வரப்போகிறார், இடம் குறைவு, அன்று பெயர் கொடுத்தாக வேண்டும். வகுப்பாசிரியை கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். டேப்லெட்டில் செய்ததெல்லாம் அதில் பதிவாகியிருந்தது; பேத்தியின் பெயருக்கு நேரே எல்லாம் பச்சை.

“வீட்டுல இவ்ளோ நல்லா செய்யறாளேங்க. கிளாஸ்ல படிக்கச் சொன்னாதான் வாயைத் தொறக்கறதில்ல. இது பிடிவாதம்ங்க. அந்த இடம் நெஜமாவே முடியாத புள்ளைக்குப் போகட்டும்.”

மருமகள் என் பக்கம் திரும்பினாள். “நீங்கதான மாமா கூட உக்கார்றீங்க. அவளேதான் செய்யறாளா?”

அலாரம் அடித்தவுடன் கை நீட்டிப் பழகியவன், அன்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, “அவளேதாம்மா செய்யறா” என்றேன். ஆசிரியையின் முன்னால் அசிங்கப்பட எனக்கு மனமில்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது. மகனிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.

தனி வகுப்பைத் தண்டனை என்று பேத்தி நினைத்திருந்தாள். வெளியே வந்ததும் என் விரலைப் பிடித்து இழுத்து, “தப்பிச்சிட்டேன்ல தாத்தா” என்றாள். அப்படியோர் இடம் மறுபடி கிடைக்க ஏழாம் வகுப்புவரை ஆகும் என்று அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் டேப்லெட்டை அவளே எடுத்துவந்து என் மடியில் வைத்துவிட்டு விளையாட ஓடினாள்.